லாரியின் தாகம்

பெங்களூரில் கலாசிபாளையத்துப் பக்கம் விடியற்காலையில் நடந்து சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். இரவெல்லாம் ஓடிவந்த சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்றின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டிய இளைஞன் ஒருவன், நெளிந்துபோன தகர டப்பாவிலிருந்து ரேடியேட்டரின் வாயில் நீரை ஊற்றிக்கொண்டிருப்பான். அவன் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் சேலத்துத் தமிழாகவோ, நாமக்கல் தமிழாகவோ, தருமபுரித் தமிழாகவோ இருக்கும். அவன் ஊற்றும் நீர் எந்தக் குழாயில் பிடித்தது, எந்த மண்ணுக்குள்ளிருந்து வந்தது, அது அந்த இஞ்சினுக்குள் போய் என்ன செய்யும் என்று அவனும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் கடனும் சோறும் அந்த டப்பாவில் அடங்கியிருப்பதுண்டு. அந்த நீரின் வரலாற்றைத்தான் இன்று சொல்ல முற்படுகிறோம்.

பெங்களூருக்கும் கொதிநீருக்கும் பெயரளவில் ஓர் உறவு சொல்லப்படுகிறது. வேட்டைக்குச் சென்று வழி தவறிய வீரவல்லாளன் என்னும் ஹொய்சள மன்னனுக்கு ஒரு மூதாட்டி வேகவைத்த அவரைப் பருப்பைக் கொடுத்துப் பசியாற்றினாள் என்றும், அதனால் இவ்வூர் 'வெந்த அவரையூர்' என்னும் பொருளில் கன்னடத்தில் பெயர் பெற்றது என்றும் கதை வழங்குகிறது. கதை அழகானதே. ஆயினும், நகரத்தின் தெற்கே பேகூரில் உள்ள நடுகல் ஒன்று, ஏறக்குறைய கி.பி. 890ஆம் ஆண்டிலேயே பெங்களூர்ப் போர் என்று இப்பெயரைக் குறிப்பிடுவதால், வல்லாளன் பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே ஊருக்குப் பெயர் இருந்தது தெளிவாகிறது. அந்த மூதாட்டியின் பானையைப் பற்றி ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இவ்வூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அவரை வேகச் சற்று அதிக நேரம் பிடித்திருக்கும். சமையற்கட்டில் மூன்று டிகிரி ஒரு பொருட்டன்று. சேலத்திலிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறிவரும் ஒரு கிழட்டு டீசல் லாரிக்கோ அந்த மூன்று டிகிரி பெரிய வேறுபாடு.

இஞ்சினுக்கு நீர் ஏன் தேவை? எரியும் எண்ணெயின் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஒரு பகுதி புகையோடு போகிறது. ஏறக்குறைய கால் பங்கு இஞ்சினின் சுவர்களில் ஏறுகிறது. அதை உடனுக்குடன் எடுத்துச் செல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இந்த உண்மை மோட்டார் வண்டி பிறந்த நாளிலேயே தெரிந்திருந்தது. 1880களில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். போன அளவுக்கு மீண்டும் ஊற்ற வேண்டும். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவை அவ்வண்டியில் கடந்தார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். நீருக்கோ வழியெங்கும் நின்று நின்று தேட வேண்டியிருந்தது. உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணமே நீர் தேடிய பயணந்தான். கலாசிபாளையத்து இளைஞன் அந்த அம்மையாரின் வழிவந்தவன் என்று சொன்னால் மிகையாகாது.

ஆவியாக விடாமல் அதே நீரைச் சுற்றிவரச் செய்து, காற்றால் ஆற்றி, மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செம்மைப்படுத்தியவர் வில்ஹெல்ம் மாய்பாக். 1900ஆம் ஆண்டையொட்டி அவர் அமைத்த முதல் மெர்சிடிஸ் காரில், தேன்கூடு போன்று 8,070 சிறு குழல்களை அடுக்கிச் செய்த ரேடியேட்டர் இருந்தது. இன்று லாரியின் மூக்கில் நாம் காணும் ரேடியேட்டர் அதன் பேரப்பிள்ளை. 1893இல் காப்புரிமை பெற்று 1897இல் தம் இஞ்சினை இயக்கிக் காட்டிய ருடால்ஃப் டீசலின் கண்டுபிடிப்பு, 1923, 1924ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் லாரிகளில் ஏறியது. அங்கிருந்து நம் நாட்டுச் சாலைக்கு அது வந்துசேர்ந்த கதை நேயர்கள் பலருக்குத் தெரிந்ததே. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1948இல் கார் பூட்டும் தொழிலுக்காகத் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955இல் இங்கிலாந்து லேலண்டுக் கம்பெனியோடு இணைந்து அசோக் லேலண்டு ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில், ரயில் இஞ்சின் செய்வதற்காக 1945இல் தோன்றிய டாட்டா கம்பெனி, 1954 முதல் டைம்லர்-பென்ஸ் உதவியோடு டீசல் லாரி செய்யத் தொடங்கியது. அந்த உடன்பாடு 1969இல் முடிந்துபோயிற்று. எனினும் நம் ஊர் ஓட்டுநர்கள் அதன் பின்னரும் வெகுகாலம் அந்த லாரியைப் 'பென்ஸ்' என்றே அழைத்துவந்தார்கள்.

இந்த லாரிகளை நம்பி எழுந்த ஊர்கள் நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டிலோ லாரியின் மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் எந்திரத்தை ஏற்றி, இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். இதில் ஒரு விந்தை உண்டு. பெங்களூரின் பாறையைத் துளைத்து நீர் எடுப்பதில் திருச்செங்கோட்டு எந்திரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த எந்திரங்கள் மேலே கொண்டுவந்த நீர்தான் அந்த எந்திரத்தைச் சுமக்கும் லாரியின் ரேடியேட்டரையே அடைத்துவிடுகிறது. எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய பெங்களூர் ஏரிகளின் ஊர். கெம்பேகவுடர் காலந்தொட்டு வெட்டிய ஏரிகளில் தேங்கியது மழைநீர், அது மென்மையானது. அவற்றுள் தர்மாம்புதி என்னும் ஏரி இருந்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்கிறது. ஊர் பெருகவே, 1894இல் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்நீர் வந்தது. அதுவும் போதாமல் 1933இல் திப்பகொண்டனஹள்ளி அணை எழுந்தது. பின்னர் 1974இல் காவிரி நீரையே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு எக்கிகளால் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் இவ்வளவு உயரம் ஏறிக் குடிக்கப்படும் நீர் அரிது. ஆயினும் ஊரின் தாகம் அதற்கும் அடங்கவில்லை. புறநகர்களில், குறிப்பாக லாரிகள் நிற்கும் இடங்களில், ஆழ்துளைக் கிணற்று நீரே கதியாயிற்று. கருங்கற் பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் கிடந்த அந்த நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சோப்பு நுரைக்காமல் சலித்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு அதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

உப்புநீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவுதான் இஞ்சினின் நீர்ச் சுவர்களிலும் ரேடியேட்டரின் நுண்ணிய குழல்களிலும் படிகிறது. அது வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் வார்ப்பிரும்பின் ஆற்றலில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு அது படிந்துவிட்டால், சிலிண்டரின் சுவர் இரண்டு சென்டிமீட்டர் தடித்துவிட்டதற்கு ஒப்பாகும். நீர் நிறைய இருக்கும். இஞ்சின் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். ஓட்டுநர் தண்ணீரைப் பார்ப்பார், குறைவில்லை என்பார், குழம்புவார்.

இரண்டாவது கேடு துரு. பழைய லாரியின் இஞ்சின் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அவற்றை ஒட்டிய பற்று ஈயமும் வெள்ளீயமும். சில இடங்களில் அலுமினியமும் உண்டு. வெவ்வேறு உலோகங்களை உப்பு கலந்த நீரில் ஒன்றாக வைத்தால் அது ஒரு மின்கலம் போலாகி, ஓர் உலோகம் கரைந்து போகத் தொடங்கும். பழைய ரேடியேட்டரிலிருந்து வடியும் காவி நிற நீர், கரைந்துபோன இஞ்சினே அன்றி வேறன்று. மூன்றாவது கேடு கண்ணுக்கே தெரியாதது. சில டீசல் இஞ்சின்களில் சிலிண்டரின் உள்ளுறையாகிய லைனரின் வெளிப்புறத்தை நீரே நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். பிஸ்டன் மோதும்போதெல்லாம் லைனர் அதிரும். அதிர்வினால் நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடையும். ஒவ்வொரு குமிழியும் சிறு சுத்தியல்போல் இரும்பை அடிக்கும். நாளடைவில் லைனரில் ஊசித் துளை விழுந்து, நீர் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினால் கறுப்பு எண்ணெய்க்குப் பதிலாகப் பால் கலந்த காப்பி போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் காப்பியைக் கண்ட லாரிக்காரர் அன்று சோறு உண்ணமாட்டார்.

இவற்றுக்கு மருந்தாக முற்காலத்துப் பட்டறைகளில், நீரோடு பால்போல் கலக்கும் ஒருவகை எண்ணெயைச் சிறிதளவு ஊற்றுவது உண்டு. அது துருவைத் தடுத்தது உண்மை. கை தாராளமாகிவிட்டாலோ ரப்பர்க் குழாய்கள் ஊறி உப்பிவிடும். மேல்நாடுகளில் நிலைமை வேறு. அங்கே குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும். உறையும் நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பருக்கும்; அந்த விசையில் இரும்பு இஞ்சினே பிளந்துபோகும். அதைத் தவிர்க்கச் சாராயம், கிளிசரின், தேன், சர்க்கரைப் பாகு வரை ஊற்றிப் பார்த்தார்கள். சாராயம் விரைவில் ஆவியாயிற்று. சர்க்கரைப் பாகு என்ன ஆகியிருக்கும் என்பதை அல்வாக் கிண்டிய அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள். கடைசியில் கைகொடுத்தது எதிலீன் கிளைக்கால் என்னும் திரவம். பிரெஞ்சு இரசாயன அறிஞர் வுர்ட்ஸ் 1856இல் அதை முதன்முதலில் தயாரித்தபோது அது சோதனைச்சாலைப் பொருள்தான். முதல் உலகப் போரில் வெடிமருந்துத் தொழிலுக்கு உதவிற்று. 1927இல் அமெரிக்காவில் 'பிரஸ்டோன்' என்னும் பெயரில் மோட்டார் வண்டிகளுக்காகக் கடைக்கு வந்தது.

அதன் இயல்பு வேடிக்கையானது. தூய கிளைக்கால் 197 டிகிரி வரை கொதிக்காது; ஆனால் சுழியத்துக்குக் கீழ் 13 டிகிரியில் உறைந்துவிடும். நீரோடு சரிபாதி கலந்தாலோ சுழியத்துக்குக் கீழ் 37 டிகிரி வரை உறையாது. இரண்டும் தனித்தனியே தோற்கும் இடத்தில் சேர்ந்து வெல்கின்றன. சரிபாதிக் கலவை ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். பெங்களூர் உயரத்தில் அதில் மூன்றைக் கழித்துக்கொள்ளலாம். அப்படியானால் முழுக் கிளைக்காலையே ஊற்றிவிடலாமே என்று தோன்றும். அது தவறு. வெப்பத்தைச் சுமக்கும் திறத்தில் நீருக்கு இணை இல்லை. கிளைக்காலின் திறம் அதில் பாதியைவிடச் சிறிதே கூடுதல். விமானத் துறையினர் இதை அனுபவத்தில் கற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் நம் விமானப் படையினரும் ஓட்டிய ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் இஞ்சினுக்குத் தொடக்கத்தில் தூய கிளைக்காலையே வைத்திருந்தார்கள். பின்னர் 30 பங்கு கிளைக்காலும் 70 பங்கு நீருமாக மாற்றிக்கொண்டார்கள்.

பெங்களூரில் நீர் உறைவதில்லை. 1884 ஜனவரி 13ஆம் நாள் பதிவான 7.8 டிகிரிதான் இவ்வூர் கண்ட கடுங்குளிர். ஆகவே உறைவைத் தடுக்கும் திரவம் நமக்கு எதற்கு என்று நம் லாரிக்காரர்கள் கேட்டது இயற்கையே. பல்லாண்டுகள் வெறும் நீரே ஓடியதற்கு அதுவே காரணம். அவர்கள் கேள்வி நியாயமானது, விடையில்தான் பிழை. நமக்குக் கூலண்ட் தேவைப்படுவது குளிருக்காக அன்று. கொதிநிலையை உயர்த்துவதற்காகவும், அதைவிட முக்கியமாக, அதில் கலந்துள்ள துருத்தடுப்பு மருந்துகளுக்காகவும். கிளைக்கால் வெறும் வாகனம். மருந்து அதன்மேல் ஏறி வருகிறது. டில்லியிலும் சண்டிகரிலும் இருந்துகொண்டு காஷ்மீருக்கோ லடாக்குக்கோ வண்டி அனுப்பும் நேயர்களுக்கு மட்டும் உறைவும் கவலைதான். அவர்கள் சரிபாதிக்குக் குறையாமல் கலக்க வேண்டும்.

இனித் தேர்வு. ஜே.சி. ரோடு உதிரிப்பாகக் கடைகளில் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று குப்பிகள் அடுக்கியிருப்பார்கள். நிறம் என்பது உற்பத்தியாளர் சேர்க்கும் சாயம். அதற்கு உலகப் பொதுவான இலக்கணம் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் மருந்தே பேச்சு. பழைய வகையில் சிலிக்கேட்டு, நைட்ரைட்டு முதலிய உப்புகள் இருக்கும். அவை உலோகத்தின்மேல் மெல்லிய படலம் விரித்துக் காக்கும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துபோகும். 1990களில் பரவிய புதுவகையில் கரிம அமிலங்கள் உண்டு. ஐந்தாண்டு வரை உழைக்கும். அலுமினிய ரேடியேட்டர் உள்ள புதிய வண்டிகளுக்கு அது பொருந்தும். இரண்டையும் இணைத்த கலப்பு வகையும் உண்டு. ஈயப் பற்று வைத்த பித்தளை ரேடியேட்டரும் நீர் தொடும் லைனரும் உள்ள பழைய லாரிக்கு, கனரக டீசலுக்கு என்று குறிப்பிட்ட, நைட்ரைட்டு உள்ள பழைய வகையே பெரும்பாலும் ஏற்றது என்பது எம் கருத்து. எம் கருத்துக்கும் மேலானது லாரியோடு வந்த கைப்புத்தகம். அது தொலைந்திருந்தால் கம்பெனியின் பணிமனையில் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் வேண்டாம். குப்பியின் மேல் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 5759 என்னும் எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றொரு பொறி உண்டு. சில குப்பிகளில் செறிவான சரக்கு. நீர் கலந்துதான் ஊற்ற வேண்டும். சிலவற்றில் முன்பே கலந்த சரக்கு. அதில் ஒரு சொட்டு நீரும் கூடாது. இரண்டும் ஒரே மாதிரிக் குப்பியில், ஒரே நிறத்தில், அடுத்தடுத்து நிற்கும். முன்பே கலந்ததை வாங்கி, அதையும் மூன்று பங்கு நீர் விட்டுப் பெருக்கிக்கொண்டு, 'கூலண்ட் ஊற்றியும் துருப்பிடித்துவிட்டது' என்று குறைபட்டவர்களை நாம் அறிவோம். எழுத்துச் சிறிதாக இருக்கிறது. கண்ணாடி போட்டாவது படிக்க வேண்டும்.

எம் குடும்பத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லலாம். எம் சிறிய தந்தையார் கடன் வாங்கி, ஏற்கெனவே ஓடிய ஆறு சக்கர லாரி ஒன்றை வாங்கியிருந்தார். மோகனூர்ப் பக்கம் வாழைத்தார் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுவருவது தொழில். ரேடியேட்டரில் பச்சைக் கூலண்ட் இருந்தது. வழியில் ஒரு பட்டறையில் குறைவை நிரப்பச் சொன்னபோது, அங்கிருந்தவர் சிவப்புக் குப்பியை எடுத்தார். எம் சிறிய தந்தையார் தயங்கினார். "நிறத்தில் என்னங்க இருக்குது? எல்லாம் ஒன்றுதானுங்கண்ணா" என்று ஊற்றிவிட்டார். அதன்மேல் குழாய்நீரும் போயிற்று. சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சித்திரை மாதப் பகலில், சேலத்தைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் பாரத்தோடு ஏறும்போது வெப்பமுள் சிவப்புக்குப் போயிற்று. உள்ளே இரண்டு மருந்துகளும் உப்புநீரும் சேர்ந்து, ரேடியேட்டரின் குழல்களில் பழுப்புக் கூழாகத் திரண்டிருந்தன.

அதன்பின் செய்ததுதான் பெரும்பிழை. அவசரத்தில் கிளீனர்ப் பையன் ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகினான். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அது உள்ளே அழுத்தத்தைக் கட்டிக் காத்து, ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலையை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்த்துகிறது. ஏழு பவுண்டு மூடியானால் பத்து டிகிரி. மூடியைத் திறந்த அந்தக் கணமே அழுத்தம் போய், உள்ளிருப்பது முழுவதும் ஒரே நேரத்தில் கொதித்து எழும். பையனின் முன்கை வெந்துபோயிற்று. நீர் போனதைக் கண்டு ஓட்டுநர் குளிர்ந்த நீரைக் கொதிக்கும் இஞ்சினில் ஊற்றினார். வார்ப்பிரும்பு ஹெட் விரிசல் கண்டது. லாரி பன்னிரண்டு நாள் பட்டறையில் கிடந்தது, வாழைத்தார் கறுத்தது, இரண்டு மாதத் தவணை நின்றது. பையனின் கைத்தழும்பு இன்றும் இருக்கிறது. அவன் இப்போது பையனல்லன். சொந்தமாக லாரி ஓட்டுகிறான்.

கலக்கும் முறையைச் சொல்கிறோம். இஞ்சின் முற்றும் ஆறியபின் ரேடியேட்டரின் அடிக்குழாயையும், இஞ்சினின் பக்கத்தில் உள்ள வடிகாலையும் திறக்க வேண்டும். பலர் முதலாவதை மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். இஞ்சினுக்குள் பழைய நீர் தேங்கி நிற்கும். நல்ல நீர் விட்டு, இஞ்சினை ஓடவிட்டு, மீண்டும் வடித்து, வருவது தெளியும்வரை அலச வேண்டும். முதலில் கூலண்ட் எந்த வகை என்று தெரியாவிட்டால் இந்த அலசலில் கஞ்சத்தனமே கூடாது. படிவு கடினமானால் எலுமிச்சைச் சாரத்து உப்பாகிய சிட்ரிக் அமிலக் கரைசல் உதவும். அதன் பிறகு இன்னும் இரண்டு அலசல். ரப்பர்க் குழாய்களைக் கையால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று ஊறியவற்றையும் மொறமொறவென்று வெடித்தவற்றையும் மாற்றிவிட வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தையும் பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவை, 'அதனால்தான் சூடேறுகிறது' என்று பிடுங்கி எறிந்துவிடும் வழக்கம் நம் ஓட்டுநர்களிடம் உண்டு. வேண்டாம். இஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்து ஓடினால் டீசலில் உள்ள கந்தகம் அமிலமாக மாறிச் சிலிண்டரைத் தின்னும். எண்ணெயும் கூடுதலாகச் செலவாகும். பழுதாயிருந்தால் புதியது வாங்கிப் போடுவதே சிக்கனம்.

கணக்கு இனித்தான். கைப்புத்தகத்தில் கொள்ளளவு 20 லிட்டர் என்று இருப்பதாகக் கொள்வோம். என்னதான் வடித்தாலும் இஞ்சினின் மூலைகளில் நீர் தேங்கும். வடிந்து வந்ததை ஒரு வாளியில் அளந்தால் 14 லிட்டர்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 6 லிட்டர் நீர் உள்ளேயே இருக்கிறது. வெளியே சரிபாதியாகக் கலந்து ஊற்றினால், உள்ளிருக்கும் நீரோடு சேர்ந்து கிளைக்கால் 7 லிட்டராகவே நிற்கும். பாதி என்று எண்ணியது மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆகவே முதலில் செறிவான சரக்கையே ஊற்ற வேண்டும்: சரிபாதிக்கு 10 லிட்டர். அதன்மேல் 4 லிட்டர் நீர். பெங்களூர், சேலம், சென்னை வட்டத்திலேயே ஓடும் லாரிக்கு நூற்றுக்கு நாற்பது போதும் என்போம். அதற்கு 8 லிட்டர் சரக்கு, 6 லிட்டர் நீர். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் மருந்து நீர்த்துவிடும். குப்பியின் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அச்சையே நம்புக.

நீர் எது? மின்கலத்துக்கு ஊற்றும் வடிநீர் சிறந்தது. வெட்டவெளியில் தூய பாத்திரத்தில் பிடித்த மழைநீரும் ஆகும். வெறும் குழாய்நீரைத் தவிர வேறு வழியில்லையானால், அதைக் காய்ச்சி, ஆறவைத்து, தெளிவை மட்டும் இறுத்து எடுத்தால் சுண்ணாம்பின் ஒரு பகுதியாவது அடியில் தங்கிவிடும். ஊற்றியபின் மூடியைத் திறந்துவைத்து இஞ்சினை மெல்ல ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் வெளியேறி மட்டம் இறங்கியதும் நிரப்ப வேண்டும். குமிழி நின்றபாடில்லை என்றால் அது காற்றன்று. கேஸ்கெட் வழியே வரும் புகையாக இருக்கலாம். செறிவைச் சோதிக்கச் சிறு மிதவைக் கருவி உண்டு. சரிபாதிக் கலவையின் அடர்த்தி ஏறக்குறைய 1.07 இருக்கும்.

வடித்த பழைய திரவத்தைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாதீர்கள். பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பற்றிப் புகைந்த ஊர் இது; நம் பங்குக்கு வேறு சேர்க்க வேண்டியதில்லை. மேலும் கிளைக்கால் இனிப்பானது. நாய் நக்கும், குழந்தை நக்கும். சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும். 1937இல் அமெரிக்காவில் இதன் உடன்பிறப்பான டைஎதிலீன் கிளைக்காலில் மருந்தைக் கரைத்து விற்றதால் நூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களுள் பல குழந்தைகள், மாண்டார்கள். மறு ஆண்டே அந்நாட்டில் மருந்துச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. லாரியின் கூண்டில் குடிநீர்க் கேனும் கூலண்ட் கேனும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எமக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வருகிறது.

எம் சிறிய தந்தையாரின் லாரியில் அந்தத் தகர டப்பா இப்போது இல்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றில், கலந்து வைத்த கூலண்ட் ஐந்து லிட்டர் இருக்கிறது. கேனின் மேல் கலந்த தேதியை வண்ணத்தால் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு மண்டையோடும் வரைந்திருக்கிறார். வரைந்தது அந்தக் கிளீனர்ப் பையன்தான். படம் மண்டையோடு போல் இல்லை, ஏதோ பூசணிக்காய் போல் இருக்கிறது என்று எம் சிறிய தந்தையார் இன்றும் கேலி செய்வார்.